தன் ஆல்பத்தைத் தானே விலைக்கு வாங்கிய பாடகி

1985இல் எம்டிவி பார்த்த அமெரிக்கர்களுக்கு அந்தப் பெண்ணின் தலைமுடி இன்னும் நினைவிருக்கும். வெளிர்பொன் நிறத்தில் குத்திட்டு நிற்கும் முடி, பின்கழுத்தில் தொங்கும் மெல்லிய பின்னல் ஒன்று. 'வாய்சஸ் கேரி' என்ற அந்தப் பாட்டின் வீடியோவில், வசதியான காதலன் ஒருவன் அவளுடைய உடையையும் இசையையும் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே இருப்பான். கடைசியில் பெரிய கச்சேரி அரங்கு ஒன்றில், கோட்டு சூட்டுப் பெரியவர்களுக்கு நடுவே, அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று உரக்கப் பாடத் தொடங்குவாள். பாடியவர் ஏமி மேன். அப்போது வயது 24. பாஸ்டன் நகரத்தின் 'டில் டியூஸ்டே' என்ற ராக் குழுவில் பாடகியும் பேஸ் கிதார் வாசிப்பவரும் அவர்தான். பாட்டு பில்போர்டு பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது. சிறந்த புதுமுகத்துக்கான எம்டிவி விருதும் அதே ஆண்டில் கிடைத்தது.

இதோடு ஏமி மேன் கதையை முடித்துக்கொண்டால் எண்பதுகளில் ஒரே ஒரு பாட்டால் பேர் வாங்கிய பலரில் அவரும் ஒருவர். ஆனால் சுயாதீன இசைக்கலைஞர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் அவர் பெயர் வருவதற்குக் காரணம் அந்த ஹிட் இல்லை. 14 ஆண்டுகள் கழித்து அவர் தன் ஆல்பத்தைப் பெரிய நிறுவனத்திடமிருந்து விலைகொடுத்து வாங்கி, தானே வெளியிட்டார். அதைப் பெரும்பாலும் பணக் கதையாகத்தான் சொல்கிறார்கள்: இசை நிறுவனம் சுரண்டியது, பாடகி தப்பித்தார் என்று. பணம் முக்கியம்தான். ஆனால் ஏமி மேன் பெரிய நிறுவனங்களிடம் அதிகம் இழந்தது ஆண்டுகளை என்றே எனக்குத் தோன்றுகிறது. வெளியே வந்தபோது அவர் மீட்டதும் அதைத்தான்.

நமக்குப் பாட்டு என்றால் பெரும்பாலும் படத்தோடு சேர்ந்து வருவது. படம் வெளியாகும் தேதி நெருங்கினால் பாட்டும் வந்தே ஆக வேண்டும். அமெரிக்க ராக் உலகில் பாட்டை எழுதி, மெட்டமைத்துப் பாடுபவர் பெரும்பாலும் ஒருவரே. அவருடைய ஆல்பம் தனியாக நிற்கும் ஒரு படைப்பு. அதனால் வெளியீட்டுத் தேதிக்கு அங்கே எந்தக் கட்டாயமும் கிடையாது. நிறுவனம் நினைத்தால் வரும். நினைக்காவிட்டால் பெட்டியில் கிடக்கும்.

ஏமி மேன் 1960இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் பிறந்தவர். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு, 'தி யங் ஸ்னேக்ஸ்' என்ற பங்க் குழுவில் பாடினார். 1982இல் டில் டியூஸ்டே. அந்தக் குழுவின் டிரம்மர் மைக்கேல் ஹவுஸ்மனின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். எபிக் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 1985, 1986, 1988 என்று மூன்று ஆல்பங்கள் வந்தன. மூன்றாவதில்தான் ஏமி மேன் உண்மையான பாடலாசிரியராக வெளிப்பட்டார் என்பது விமர்சகர்கள் பலரின் கருத்து. என் கருத்தும் அதுதான். சின்தசைசர் பளபளப்பு குறைந்து, மனிதர்கள் பிரியும் விதத்தை நிதானமாகக் கவனிக்கும் வரிகள் வந்தன. ஆனால் அந்த ஆல்பம் விற்கவில்லை. குழு கலைந்தது.

தொல்லை இங்கேதான் ஆரம்பித்தது. விற்காத பாடகியை நிறுவனம் அனுப்பிவிடும் என்றுதானே நினைப்போம்? எபிக் அனுப்பவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கவும் இல்லை. எழுதினார், எழுதியதை வெளியே கொண்டுவர வழியில்லை.

இது எப்படிச் சாத்தியம்? அந்தக் காலத்துப் பெரிய நிறுவன ஒப்பந்தங்கள் ஆண்டுக் கணக்கில் இருக்காது, ஆல்பக் கணக்கில் இருக்கும். ஒன்று உறுதி, அதன்பின் ஐந்தோ ஆறோ ஆல்பங்களை எடுத்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு. அடுத்தது வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது நிறுவனம் மட்டுமே. பாடகர் கொண்டுவந்து கொடுத்ததை 'இதில் சிங்கிள் இல்லை', அதாவது வானொலியில் தனியாக ஓடி ஹிட்டாகும் பாட்டு இல்லை, என்று திருப்பிவிடலாம். திருப்பிவிட்டால் அந்த ஆல்பம் கணக்கில் ஏறாது, ஒப்பந்தமும் நகராது. கலிஃபோர்னியாவில் ஒருவரைத் தனிப்பட்ட உழைப்புக்கான ஒப்பந்தத்தில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் கட்டிவைக்க முடியாது என்று தொழிலாளர் சட்டமே சொல்கிறது. நடிகர்கள் பலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. 1987இல் அதில் ஒரு திருத்தம் வந்தது: ஏழு ஆண்டு முடிந்து பாடகர் வெளியேறினால், கொடுக்காமல் விட்ட ஆல்பங்களுக்காக நிறுவனம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று. கதவு திறந்தே இருக்கிறது. தாண்டுவதற்குத்தான் துணிச்சல் வராது.

பணக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. எழுதிய பாட்டு ஒன்று, அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு மற்றொன்று. பின்னதை மாஸ்டர் என்பார்கள். எழுதியவருக்குப் பாட்டில் உரிமை இருக்கும், மாஸ்டர் நிறுவனத்துடையது. பதிவுக்கு நிறுவனம் தரும் அட்வான்ஸ், பாடகரின் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். உதாரணத்துக்கு, ஒரு ஆல்பத்துக்கு 2,00,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். சிடி விலை 15 டாலர், பாடகருக்கு 12 சதவீதம். அதாவது ஒரு சிடிக்கு 1.80 டாலர். ஏறத்தாழ 1,11,000 சிடி விற்ற பிறகுதான் பாடகர் கையில் முதல் காசு வரும். அத்தனை கடனையும் தன் பங்கிலிருந்து அடைத்து முடித்த பிறகும் மாஸ்டர் நிறுவனத்திடமே இருக்கும். வீட்டுக் கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடித்துவிட்டுப் பத்திரத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு வருவதுபோல.

சரி, கதைக்கு வருவோம். 1993இல் 'வாட்எவர்' என்ற முதல் தனி ஆல்பம் வந்தது. வெளியிட்டது இமாகோ என்ற புதிய, சிறிய நிறுவனம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். தயாரிப்பில் கூட இருந்த ஜான் பிரையன், கிடைத்த எந்த வாத்தியத்தையும் எடுத்து வாசிக்கக்கூடியவர். அந்த ஆல்பத்தின் கிதார்களுக்கும் பழைய கீபோர்டுகளுக்கும் உள்ள தனி மணத்துக்கு அவர் பெரிய காரணம். ஆனால் அடுத்த ஆண்டே இமாகோவைத் தாங்கிவந்த பிஎம்ஜி நிறுவனம் கையை எடுத்துக்கொண்டது. நிறுவனம் சரிந்தது, முடித்து வைத்திருந்த அடுத்த ஆல்பம் நடுத்தெருவில் நின்றது. நீண்ட இழுபறிக்குப் பிறகு கெஃபன் நிறுவனம் வழியாக 1995இல் பிரிட்டனிலும் 1996 தொடக்கத்தில் அமெரிக்காவிலும் 'ஐயம் வித் ஸ்டுபிட்' வெளியானது. எபிக் வேண்டுமென்றே பிடித்து வைத்தது, இமாகோ செத்துப்போய்ப் பிடித்து வைத்தது. பாடகிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது முறை நடந்தது இன்னும் விசித்திரம். கெஃபன், யுனிவர்சல் குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமமோ கனடாவின் மதுபான நிறுவனமான சீகிராமின் கையில். ஆமாம், விஸ்கி பாட்டிலில் பார்க்கும் அதே சீகிராம். 1998இல் சீகிராம் ஏறத்தாழ 1,000 கோடி டாலருக்கு பாலிகிராம் என்ற இசை நிறுவனத்தையும் வாங்கி யுனிவர்சலோடு சேர்த்தது. இவ்வளவு பெரிய தொகை போட்டால் செலவைக் குறைத்தாக வேண்டும். 1999 ஜனவரியில் கெஃபன், ஏ அண்ட் எம் ஆகிய இரண்டு பழைய பெயர்களும் இன்டர்ஸ்கோப் நிறுவனத்துக்குள் கரைக்கப்பட்டன. ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள், பாடகர்களும் குழுக்களும் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டார்கள். ஏமி மேனை வேண்டும் என்று எடுத்தவர்கள் போய், அவர் இசையோடு எந்தத் தொடர்பும் இல்லாத மேசைக்கு அவருடைய புதிய ஆல்பம் போய்ச் சேர்ந்தது.

இன்டர்ஸ்கோப்பில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பார்த்த சந்தை அப்படி. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்களையும் நாடு முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பை எடுத்துவிட்டது. கிளியர் சேனல் போன்ற நிறுவனங்கள் நிலையங்களை வாங்கிக் குவித்தன. ஊருக்கு ஊர் வேறு ரசனை என்பது போய், பாடல் பட்டியல்கள் மேலிருந்து வரத் தொடங்கின. 1999இன் வானொலி பிரிட்னி ஸ்பியர்ஸ், எமினெம், லிம்ப் பிஸ்கிட் காலம். 38 வயதுப் பெண், நடுத்தர வேகத்தில், உறவுகள் எப்படி அழுகிப்போகின்றன என்று பாடினால் அதை எங்கே ஒலிபரப்புவது? சிங்கிள் கேட்டார்கள். எழுதிக் கொடுப்பதாக இல்லை என்று ஏமி மேன் முடிவெடுத்தார். பேச்சுவார்த்தை நடத்தி ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். 'பேச்சலர் நம்பர் 2' ஆல்பத்தின் மாஸ்டர்களைத் தன் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் அந்த டிரம்மர் வருகிறார். மைக்கேல் ஹவுஸ்மன் அதற்குள் ஏமி மேனின் மேனேஜர் ஆகியிருந்தார். ஒரு காலத்தில் காதலர்கள், அப்புறம் பிரிந்தவர்கள், ஆனாலும் தொழிலில் ஒருவரையொருவர் விடாதவர்கள். இருவரும் சேர்ந்து 1999இல் சூப்பர் ஈகோ ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் ஏழு பாட்டுகள் கொண்ட ஒரு சின்னத் தொகுப்பைக் கச்சேரிகளில் மேசை போட்டு விற்றார்கள். பிறகு முழு ஆல்பத்தையும் அவருடைய இணையதளத்திலேயே ஆர்டர் வாங்கித் தபாலில் அனுப்பினார்கள். நினைவில் கொள்ளுங்கள், ஐடியூன்ஸ் கடை 2003இல்தான் வருகிறது. வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் டயல்-அப். அப்படி இருந்தும் 25,000 பிரதிகள் போயின.

25,000 என்பது இன்டர்ஸ்கோப்புக்கு அவமானமான எண். சற்றுமுன் போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள்: நிறுவனத்தில் இருந்திருந்தால் 25,000 சிடிக்கு ஏமி மேன் பங்கு 45,000 டாலர், அதுவும் கடனில் கழிந்துபோகும். தானே விற்றால், தயாரிப்புக்கும் தபாலுக்கும் சிடிக்கு 5 டாலர் போனதாக வைத்துக்கொண்டாலும், 2,50,000 டாலர். என் உதாரண எண்கள்தான் இவை, அவருடைய கணக்குப் புத்தகம் இல்லை. ஆனால் விகிதம் புரியும். லட்சக்கணக்கில் ரசிகர்கள் தேவையில்லை, முகவரி தெரிந்த சில ஆயிரம் பேர் போதும் என்பது அப்போது பலருக்குப் புதிய செய்தி.

தனியாகப் போவது அவர் கண்டுபிடித்த வழி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஆனி டிஃபிராங்கோ 1990இலேயே ரைச்சியஸ் பேப் என்ற சொந்த நிறுவனத்தில் ஆல்பம் போட ஆரம்பித்துவிட்டார். பெரிய நிறுவனங்கள் அழைத்தும் போகவில்லை. கல்லூரி கல்லூரியாகப் போய் வாசித்துத் தன் ரசிகர்களைத் தானே சேர்த்தவர் அவர். ஏமி மேனின் நிலை வேறு. அவரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது எபிக்கின் பணமும் எம்டிவியும். இதை மறைத்துவிட்டு, திறமை இருந்தால் யாரும் தனியே ஜெயிக்கலாம் என்று அவரைக் காட்டிப் பேசுவது நியாயமில்லை. நிறுவனம் செலவழித்து உண்டாக்கிய பெயரோடு வெளியே வந்தவர் அவர். அதற்கு விலையாகத் தன் முப்பதுகளில் பாதியைக் கொடுத்திருந்தார்.

அதிர்ஷ்டமும் உதவியது. அதைக்கூட முழுக்க அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலிஸின் ஃபேர்ஃபேக்ஸ் சாலையில் லார்கோ என்று ஒரு சின்ன கிளப் இருந்தது. ஜான் பிரையன் அங்கே வாராவாரம் வாசிப்பார். ஏமி மேனும் அவர் கணவரான பாடகர் மைக்கேல் பென்னும் சேர்ந்து நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ரசிகர்களிடம் பேசுவது இருவருக்குமே கைவராத விஷயம். அதனால் நகைச்சுவைக் கலைஞர்களை மேடைக்குக் கூப்பிட்டு, இடையில் பேசும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்தது, பாடகர்களும் நகைச்சுவையாளர்களும் சினிமாக்காரர்களும் ஒருவரையொருவர் அறிந்தார்கள். இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சனின் முதல் படங்களுக்கு இசையமைத்தவர்களில் மைக்கேல் பென்னும் ஒருவர். ஏமி மேனின் வெளிவராத பாட்டுகள் ஆண்டர்சனின் காதுக்குப் போனது இந்த வட்டத்துக்குள்தான். நிறுவனத்தின் பெட்டியில் கிடந்ததை ஒருவர் திரைக்கதை எழுதும்போது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படிப் பிறந்தது 1999 டிசம்பரில் வந்த 'மேக்னோலியா'. ஒரு பெண் பாத்திரம் பேசும் முக்கியமான வசனமே ஏமி மேன் பாட்டு ஒன்றின் தொடக்க வரி. பிறகு அந்தக் காட்சி: மழை பெய்யும் இரவில், ஒருவருக்கொருவர் தொலைவில், தத்தம் அறையிலும் காரிலும் தனியாக இருக்கும் பாத்திரங்கள், பின்னணியில் ஒலிக்கும் அவருடைய பாட்டை ஆளுக்குச் சில வரிகளாகத் தாங்களும் பாடுகிறார்கள். சாகக் கிடக்கும் கிழவர் கூடப் பாடுகிறார். பாட்டுக்கு உதட்டசைப்பது நமக்குப் புதிதில்லை. ஹாலிவுட் நாடகப் படத்துக்கு அது பெரிய துணிச்சல். அந்தப் படத்துக்கென்று அவர் எழுதிய பாட்டு 'சேவ் மீ' ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2000 மார்ச்சில் விருது ஃபில் காலின்ஸின் 'டார்ஸான்' பாட்டுக்குப் போனது. ஆனால் ஒரு சிறிய நிறுவனத்தால் கனவிலும் செலவழிக்க முடியாத விளம்பரம் அது. படத்தின் பாடல்களில் சில 'பேச்சலர் நம்பர் 2'இலும் இருந்தன. கடைகளுக்கு அந்த ஆல்பம் வந்தபோது கேட்க ஆள் காத்திருந்தது.

இனி ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 1989 முதல் 1999 வரை, 11 ஆண்டுகளில், ஏமி மேனின் இரண்டே தனி ஆல்பங்கள் வந்தன. 2000 முதல் 2008 வரை, 9 ஆண்டுகளில், ஐந்து. அவர் திடீரென்று வேகமாக எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. இடையில் நின்றவர்கள் விலகினார்கள், அவ்வளவுதான். 2002இன் 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்', விநியோகஸ்தரை மட்டும் வைத்துக்கொண்டு வந்த ஆல்பம், பில்போர்டின் முதல் 40 இடங்களுக்குள் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2005இன் 'தி ஃபர்காட்டன் ஆர்ம்'. எழுபதுகளில் வர்ஜீனியாப் பொருட்காட்சியில் சந்திக்கும் ஒரு குத்துச்சண்டை வீரனும் ஒரு பெண்ணும். அவன் போதைக்கு அடிமை. ஊரை விட்டு ஓடுகிறார்கள். முழு ஆல்பமும் ஒரே கதை. ஏமி மேன் தானே குத்துச்சண்டை பழகியவர். தலைப்பும் அங்கிருந்தே வந்தது: ஒரு கையாலேயே தொடர்ந்து அடித்து, எதிராளி மற்ற கையை மறந்திருக்கும்போது அதை வீசுவது. குழுவை ஸ்டுடியோவில் ஒன்றாக உட்காரவைத்து, ஒட்டுவேலை குறைவாக, சில நாட்களில் பதிவுசெய்தார்கள். கிதார் கொஞ்சம் கரடுமுரடாகத் தான் இருக்கும், அதுதான் அழகு. சிடியின் உறையைப் பழைய மலிவுப் பதிப்பு நாவலைப் போல ஓவியங்களோடு செய்திருந்தார்கள். சிறந்த உறை வடிவமைப்புக்கான கிராமி விருது ஏமி மேனுக்கும் கலை இயக்குநர் கெயில் மரோவிட்ஸுக்கும் கிடைத்தது. பெரிய நிறுவனக் கூட்டத்தில் இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் முதல் கேள்வி 'சிங்கிள் எது?' என்பதாகவே இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லாததால் ஆல்பம் வந்தது.

அதன்பின் ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம், எலக்ட்ரிக் கிதாரை ஒதுக்கி வைத்த ஓர் ஆல்பம், பாடகர் டெட் லியோவோடு சேர்ந்து 'தி போத்' என்ற குழு, இப்படி அவர் நினைத்த திசையில் போனார். 2017இல் 'மென்டல் இல்னஸ்' வந்தது. அக்கூஸ்டிக் கிதார், தந்தி வாத்தியங்கள், அடக்கமான குரல்கள். சோகமான, மெதுவான பாட்டுக்காரி என்று தன்னைப் பற்றி ஜனங்கள் நினைப்பதை மாற்றப் பார்க்காமல், அதையே முடிந்த மட்டும் ஆழமாகச் செய்தார். 2018 ஜனவரியில் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது. 1999இல் அவரை விற்கத் தெரியாமல் விட்டதற்கு எது காரணமோ, அதே மெதுவான நடைக்குத்தான் அந்த விருது.

எல்லாச் சண்டையும் முடிந்துவிடவில்லை. 2013இல் அவர் மீடியாநெட் என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். பல இணைய இசைச் சேவைகளுக்குப் பாட்டுகளைக் கொத்தாக வழங்கும் நிறுவனம் அது. தன்னுடைய 120 பாட்டுகளை உரிமம் காலாவதியான பிறகும் வழங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மாஸ்டர் கையில் இருந்தால் மட்டும் போதாது, யார் எங்கே எந்த உரிமத்தில் ஒலிக்கவிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். தனியாக இயங்கும் பாடகருக்கு இதுவும் வேலைதான். இதற்கு யாரும் கைதட்டுவதில்லை. ஹவுஸ்மன் போன்ற ஒருவர் கூடவே இல்லாதிருந்தால் ஏமி மேன் இவ்வளவு எழுதியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

இன்றைக்குப் பாட்டை உலகத்துக்கு வெளியிட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், ஒரு மடிக்கணினி போதும். ஏமி மேனை அடைத்துவைத்த அந்தக் கதவு இப்போது இல்லை. ஆனால் அவர் தப்பித்துப் போய்ச் சேர்ந்த இடமும் இல்லை. காசு கொடுத்து சிடி வாங்கிய அந்த 25,000 பேர், இன்று ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் ஒரு கேட்புக்கு ஒரு சென்ட் கூடத் தேறாது. அதனால்தான் சுயாதீனக் கலைஞர்கள் மறுபடி வினைல் தட்டுகள், கச்சேரி மேசை, நேரடி விற்பனை என்று போகிறார்கள்.

ஏமி மேனும் அப்படித்தான். 2020இல் 'பேச்சலர் நம்பர் 2'இன் இருபதாம் ஆண்டுப் பதிப்பை இரண்டு வினைல் தட்டுகளாகக் கொண்டுவந்தார். 'மேக்னோலியா'வுக்காகப் பாடி, இருபது ஆண்டுகளாக வேறு தொகுப்பில் இருந்தவற்றையும் அதிலேயே சேர்த்தார். அடுத்த ஆண்டே, ஒரு மேடை நாடகத்துக்காக எழுதிய பாட்டுகளைக் கொண்டு 'குவீன்ஸ் ஆஃப் தி சம்மர் ஹோட்டல்' என்ற புதிய ஆல்பத்தை வெளியிட்டார். அதிலும் சூப்பர் ஈகோவின் பெயர்தான்.